பென் டிரைவில் ஆறு கோப்புகள்

முப்பத்தெட்டாம் தெருக் கம்ப்யூட்டர் கடைக்குப்
பையில் ஒரு பென் டிரைவோடு போனேன்.
விலை கேட்கவில்லை. ராம் எவ்வளவு என்று கேட்கவில்லை.
"இதைத் திற" என்றேன்.
பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொன்னதுபோல்
விழித்தான் தெட் நைங்.

ஆறு கோப்புகள்.
துவாந்தே கல்யாணம் ஒன்று, தன்லின் காதுகுத்து ஒன்று,
காளி கோயில் ரசீதுப் புத்தகம்,
மாதா கோயில் ஜெப அட்டை,
பர்மியப் பள்ளிக் கணக்கு நூற்றெண்பது பக்கம்,
ஸ்டிக்கர் வெட்டும் எந்திரத்துக்கு ஒரு மயில்.

முதல் பெட்டி, விண்டோஸ் பதினொன்று.
'திருமணம்' நிற்க வேண்டிய இடத்தில்
ஜே, பி, யூ, கே, இசட், கே,
வால்போல ஓர் அரைப்புள்ளி.
"ஃபான்ட் போட்டால் சரியாகும், அமா."
போட்டான். தமிழ் எழுந்து நின்றது.
பர்மியம் விழுந்தது:
தன் எழுத்தை வளைத்துப் பிடிக்கவேண்டிய கோடு
முந்தின எழுத்தைக் கட்டிக்கொண்டு
வெட்கமில்லாமல் நின்றது.

இரண்டாவது, காசில்லாமல் வரும் பெங்குவின்.
எழுத்தெல்லாம் அச்சு வார்த்தாற்போல்.
மயிலைக் கொடுத்தேன்.
வெட்டும் எந்திரத்தை
எந்த ஜென்மத்திலும் பார்த்ததில்லை என்றது.

மூன்றாவது, கடித்த ஆப்பிள்.
விலையை அவனே சொன்னான், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.
பதினேழு வருஷமாய் நான் பக்கம் கட்டும் மென்பொருளுக்கு
அங்கே குடியுரிமை இல்லையாம்.
அந்தச் சொல் எனக்குப் பழக்கம்;
மேலே கேட்கவில்லை.

பங்காளி இருதயராஜ் போனில் கத்துகிறான்:
"பொருத்தம் பார்த்தே கிழவியாகிவிடுவாய்,
ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு வா!"
அவனுக்கென்ன,
அவன் தொடுவது காகிதமும் மையும்.
இரண்டும் யாரையும் வெர்ஷன் கேட்பதில்லை.

கடைசியில் தெட் நைங்தான் சொன்னான்,
பதினொன்றின் வயிற்றுக்குள்
பழைய ஏழைக் குடிவைக்கலாம் என்று.
வெளியே ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்.
என் அடையாள அட்டையில் மா ஸான் ஸான் இருக்கிறாள்,
அவளுக்குள்ளிருந்து சௌந்தரவல்லி
கரண்ட் பில் கட்டுகிறாள். நடக்கிறதே.
சரி என்றேன்.
மயிலை வெட்டிக் காட்டினான்.
கழுத்துவரை வந்தபோது மின்சாரம் போனது.
கழுத்துவரை நன்றாகவே இருந்தது. வாங்கிவிட்டேன்.

அந்த வாரமே பாகோ கல்யாணம்.
இன்பவல்லிக்கும் கதிர்காமனுக்கும்
ஜாதகத்தில் பத்துக்கு எட்டு,
ரஜ்ஜு தட்டவில்லை, இரண்டு வீட்டிலும் சந்தோஷம்.
பெண்வீட்டார் பர்மியப் பெயர்களை
யூனிகோடில் அனுப்பினார்கள்.
மாப்பிள்ளை வீட்டார் பழைய ஸோஜியில்.
ஒரே வரியில் நிறுத்திப் பார்த்தேன்.
இவர்கள் நேரானால் அவர்கள் சிதறினார்கள்,
அவர்களைத் தூக்கிவிட்டால்
பெண்ணின் தாய்மாமன் நொறுங்கினார்.
மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றும் உண்டு,
அது சம்பந்தியை ஏதோ ஒரு ரயில் நிலையமாக்கியது.

இரவு இன்வெர்ட்டர் வெளிச்சத்தில்
போனில் ஒவ்வொரு பெயரையும் சொல்லச்சொல்லிக் கேட்டு
முதலெழுத்திலிருந்து நானே அடித்தேன்.
இருபத்துமூன்று பெயர்கள்,
செத்துப்போன மூன்று பேரையும் சேர்த்து.
இருதயராஜ் ஐந்நூறு அட்டை ஓட்டி,
கட்டுப்போட்டு, காலை பஸ்ஸில் ஏற்றினான்.

மத்தியானம் மணப்பெண்ணே கூப்பிட்டாள்.
"எல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்குக்கா.
அடியிலே மட்டும் கட்டம் கட்டமா ஏதோ இருக்கே,
ஜாதகமா?"

மிச்சமிருந்த அட்டையைப் புரட்டினேன்.
அச்சிட்டோர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
ஒன்பது வெற்றுக் கட்டங்கள்.
பழைய கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய
என் கடையின் பெயர்.